அம்மாகிட்ட பட்டன் போன்தான் இருக்கு, நீங்கல்லாம் எப்படி பேசுறீங்க?

வெளிநாட்டுக்கு வந்து ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு. யார்கிட்ட கேட்டாலும் "வாட்ஸ்அப்ல பேசு, ஃப்ரீ தானே"ங்கறாங்க. ஃப்ரீதான், யாரு இல்லைன்னாங்க. எங்கம்மாவுக்கு டச் போன் ஒத்தே வரல. லீவுக்குப் போனப்போ நானே பக்கத்து ரூம்ல இருந்து கால் பண்ணி எட்டிப் பாத்தேன், அந்தப் பச்சை வட்டத்தை மேல தள்ளணும்ல, அம்மா அதைக் காலிங் பெல் மாதிரி குத்துறாங்க, குத்திக்கிட்டே "ஹலோ ஹலோ"ங்கறாங்க, ரிங் பாட்டுக்கு போய்க்கிட்டே இருக்கு. ரெண்டாவது போன் கை பட்டு ஃப்ளைட் மோடுக்குப் போயி மூணு நாள் கழிச்சுதான் தெரிஞ்சது. அதோட பட்டன் போனுக்கே திரும்பியாச்சு.

அதனால எனக்கு காசு குடுத்துப் பேசறது தவிர வழியில்ல. ரொம்ப நாள் ஸ்கைப்ல கிரெடிட் போட்டுதான் பேசிட்டிருந்தேன், அது 2025 மே 5-ஓட நின்னுடுச்சு. அப்புறம் இதே மாதிரி சாதாரண போனுக்கு பேசுற ஆப் நாலஞ்சு பாத்தேன். நிமிஷத்துக்கு ரொம்ப கம்மி ரேட் போட்டிருந்த ஒண்ணை எடுத்தா அதுலதான் காசு சீக்கிரம் கரையுது. ஏன்னு ஹிஸ்டரியத் திறந்து பாத்தா, நானும் அம்மாவும் பேசறதே "மாத்திரை போட்டியா", "போட்டேன்", "சரி வை" அவ்வளவுதான், இருபது செகண்டு. அது ஒவ்வொண்ணும் முழு நிமிஷமா எழுதிருக்கு, அதுக்கு மேல கனெக்‌ஷன் சார்ஜ்னு தனியா ஒண்ணு. ஒரு நாளைக்கு அஞ்சு தடவ மாத்திரை கேட்டா என்ன ஆகும்! இன்னொண்ணு, அதே ஊருக்கு லேண்ட்லைனுக்கு ஒரு ரேட், செல்லுக்கு வேற ரேட், விளம்பரத்துல போடறது கம்மியா இருக்கறது மட்டும்தான்.

உங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

* * *

தங்கச்சி, நான் காலிங் கார்டு காலத்து ஆளு. கார்டைச் சுரண்டி, முதல்ல அந்த உள்ளூர் நம்பருக்கு போட்டு, அப்புறம் பின் நம்பர், அப்புறம் வீட்டு நம்பர். கடைசில ஒரு எண் தப்பாச்சுன்னா திரும்ப ஆரம்பத்துல இருந்து வரணும், பின்னாடி வேற வரிசையில ஆள் நிப்பான். அட்டைல 300 நிமிஷம்னு பெருசா போட்டிருக்கும். நாம பாதி கூட பேசிருக்க மாட்டோம், கார்டு காலி. ஒரு நாள் வெறுத்துப்போய் அட்டை பின்னாடி எறும்பு மாதிரி இருந்த எழுத்தை ஃப்ரெண்டோட கண்ணாடிய வாங்கிப் போட்டு வாசிச்சேன். ஒவ்வொரு காலுக்கும் கனெக்‌ஷன் காசு, மூணு மூணு நிமிஷமாத்தான் கணக்கு, முதல் கால் பண்ணதுல இருந்து வாரத்துக்கு ஒரு தடவ பராமரிப்புன்னு தானாவே கழிப்பாங்க, இத்தனை நாளுக்குள்ள தீக்கலைன்னா மிச்சமும் போச்சு. 300 நிமிஷம்ங்கறது ஒரே மூச்சுல பேசினாத்தான்.

சரின்னு ஒரே மூச்சுலயே பேச ஆரம்பிச்சேன். லீவு நாள்ல உக்காந்து கார்டு தீர்ற வரைக்கும். முக்கால் மணி நேரத்துல விஷயம் தீந்துடும், கார்டு தீராது. அப்பா அந்தப் பக்கம் சும்மா மூச்சு விட்டுக்கிட்டு இருப்பாரு, நான் கேட்டுக்கிட்டு இருப்பேன், ரெண்டு பேருக்கும் கட் பண்ண மனசு வராது.

வாரநாள்ல மிஸ்டு கால்தான். ஒரு ரிங்னா நல்லா இருக்கேன், ரெண்டு ரிங்னா பணம் அனுப்பியாச்சு. யாருக்கும் பைசா கிடையாது.

* * *

அண்ணா மிஸ்டு கால்னதும் ஞாபகம் வருது. தெரியாத நாட்டு கோடுல இருந்து ஒரே ஒரு ரிங் வந்து கட் ஆனா தயவுசெஞ்சு திருப்பிக் கூப்பிடாதீங்க. நமக்கு நாலா பக்கமும் சொந்தக்காரங்க இருக்கறதால யாரோ அவசரமா கூப்பிடறாங்கன்னு நினைச்சு நான் கூப்பிட்டேன், ஏதோ பாட்டு ஓடுச்சு, மாசக் கடைசி பில்லைப் பாத்து தலை சுத்திடுச்சு. அந்த நம்பருங்கள்ல நாம பேசற காசுல ஒரு பங்கு அந்த ரிங் குடுத்தவனுக்குப் போகுதாம். ஜப்பான்ல இதுக்கு வான்கிரின்னே பேர், ஒரு ரிங் அடிச்சு வெட்டறதுன்னு அர்த்தம்.

* * *

வீட்ல பேசறதை விடுங்க, பேங்க்ல பேசற கொடுமைய யாரும் சொல்லலையே. நம்ம ஊர் டோல் ஃப்ரீ நம்பர் வெளிநாட்டுல இருந்து அடிச்சா பெரும்பாலும் போகவே போகாது. பேங்க் கார்டு பின்னாடி வெளிநாட்டுல இருந்து கூப்பிடறதுக்குன்னு + போட்ட சாதாரண நம்பர் ஒண்ணு இருக்கும், அதைத்தான் அடிக்கணும். அடிச்சா "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"னு 25 நிமிஷம், அத்தனையும் என் கிரெடிட்ல. கடைசில 1-ஐ அமுக்குங்கன்னா நான் அமுக்கற சத்தம் சில ஆப்ல அந்தப் பக்கம் விழவே மாட்டேங்குது, திரும்ப முதல்ல இருந்து. இப்பல்லாம் முதல்ல ஈமெயில் போடறேன், வேற வழியே இல்லைன்னாத்தான் போன்.

இதைவிடப் பெரிய கூத்து என் ஊர் சிம். ரீசார்ஜ் பண்ணாம விட்டுட்டேன், கம்பெனிக்காரன் நம்பரை எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துட்டான். என் வாட்ஸ்அப் அந்த நம்பர்லதான் ஓடிட்டிருந்துச்சு. ஒரு நாள் காலைல என் போன்ல வாட்ஸ்அப் வெளிய தள்ளிடுச்சு, கொஞ்ச நேரத்துல ஃபேமிலி குரூப்ல என் நம்பர்ல இருந்து "நீங்கல்லாம் யாருங்க?"ன்னு மெசேஜ். எங்க சித்தப்பா "என்னடா குடிச்சிருக்கியா"ன்னு கேட்டிருக்காரு. அந்த ஆள் பாவம், நல்ல மனுஷன், தானாவே வெளிய போயிட்டான். ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் போய்க்கிட்டு இருந்துச்சுன்னு அப்புறம்தான் உறைச்சுது, அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்ல. நம்பரை விடறதா இருந்தா முன்னாடியே வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல போயி நம்பரை மாத்திடுங்க, பேங்க்லயும் மாத்துங்க. இல்ல, டூயல் சிம் போன்ல ஊர் சிம்மையும் போட்டு, ரீசார்ஜை விடாம பண்ணி, டேட்டா ரோமிங்க மட்டும் ஆஃப் பண்ணி வைங்க. சில கம்பெனி சிம்ல வைஃபை காலிங், அதான் டவருக்குப் பதிலா வைஃபை வழியா கால் போறது, வெளிநாட்டுலயும் வேலை செய்யும், அப்படின்னா இங்க இருந்து பேசினாலும் உள்ளூர் கால் கணக்குதான். உங்க சிம்முக்கு உண்டான்னு கேட்டுட்டு பண்ணுங்க, எல்லாருக்கும் கிடையாது.

* * *

நான் அமீரகத்துல இருக்கேன். இங்க வாட்ஸ்அப்ல மெசேஜ் போகும் கால் போகாது. பாட்டிம் மாதிரி அனுமதி வாங்கின ஆப்லதான் பேசறோம். விபிஎன், அதான் எந்த நாட்டுல இருந்து நெட் போகுதுன்னு மறைக்கற ஆப், அதைப் போட்டுப் பேசறவங்களும் இருக்காங்க, சட்டச் சிக்கல்ல மாட்டினா வேலையே போயிடும், நான் அந்தப் பக்கமே போறதில்ல. வாய்ஸ் நோட் போகுதே, அது போதும் எனக்கு. பொண்டாட்டி ஏழு நிமிஷம் திட்டி அனுப்பறதை ஒன்றரை மடங்கு வேகத்துல கேக்கற சுகம் கால்ல வருமா!

* * *

கப்பல்ல வேலை எனக்கு. எங்க கப்பல்ல சாட்டிலைட் போன், அந்த சாட்டிலைட் 36,000 கிலோமீட்டர் மேல இருக்கு, நம்ம குரல் போய் இறங்கவே கால் செகண்டு, பதில் வர இன்னொரு கால் செகண்டு. கேக்கக் கம்மியாத்தான் தெரியும். ஆனா நான் பேச ஆரம்பிக்க அவளும் ஆரம்பிக்க, ரெண்டு பேரும் நிறுத்த, திரும்ப ரெண்டு பேரும் சேந்து ஆரம்பிக்க, இதுலயே பாதி காசு போயிடும். இப்ப பேசி முடிச்சதும் "சொல்லு"ன்னு சொல்லணும்னு ஒப்பந்தம். வீட்டுக்கு லீவுல போனாலும் அந்தப் பழக்கம் விடல, நேர்ல நின்னு பேசிட்டு "சொல்லு"ங்கறேன்.

* * *

முதல்ல எழுதின அக்காவுக்கு. நீங்க அவங்களைக் கூப்பிடறதையே யோசிக்கறீங்க, அவங்க உங்களைக் கூப்பிட வழி பண்ணிப் பாருங்களேன். உங்கம்மா இருக்கற நாட்டோட நம்பர் ஒண்ணை மாச வாடகைக்கு எடுக்கலாம், அந்த நம்பருக்கு வர்ற கால் நெட் வழியா உங்க மொபைல்ல அடிக்கும். அம்மாவுக்கு அது உள்ளூர் கால், நீங்க வாடகை மட்டும் கட்டுறீங்க. எல்லா நாட்டு நம்பரும் கிடைக்காது, எடுக்கறதுக்கு அடையாள அட்டை, முகவரி எல்லாம் கேப்பாங்க. எங்க மாமியாருக்கு நான் அப்படித்தான் பண்ணேன். அவங்க அதை என் உள்ளூர் நம்பர்னே நினைச்சு, நான் வந்து பக்கத்துலயே இருந்துக்கிட்டு வீட்டுக்கு வரலன்னு ஒரு மாசம் கோவமா இருந்தாங்க.

* * *

முதல்ல எழுதினவதான் திரும்ப எழுதறேன். தம்பி சொன்ன மாதிரி நம்பர் எடுத்தாச்சு, ஆவணம் சரி பாக்கவே பத்து நாள் ஆச்சு. அத்தை பையன் போயி அம்மா போன்ல 2-ஐ அமுக்கிப் பிடிச்சா எனக்கு வர்ற மாதிரி வச்சுக் குடுத்தான், அந்தப் பட்டன் மேல சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வச்சிருக்கானாம். நேத்து ராத்திரி இங்க மூணு மணிக்கு போன் அடிக்குது. நெஞ்சு பதறி எடுத்தா அம்மா.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, அமுக்கினா வருதான்னு பாத்தேன். சரி வை."