மறு: மறு: ‘ரெஸ்ட்ரிக்டட் மீட்டர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

பிரிட்டனில் சில வீடுகளில் ஹீட்டருக்கும் வெந்நீருக்கும் குறிப்பிட்ட நேரங்களில் தனிக் கட்டணத்தில் மின்சாரம் தரும் மீட்டர்தான் ‘ரெஸ்ட்ரிக்டட் மீட்டர்’. அதற்கு ‘கட்டுப்படுத்தப்பட்ட மின்மானி’ என்று முன்மொழிந்த ஐயாவுக்கு நன்றி. போன வாரம் இங்கே கிளாஸ்கோவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “ஏன் தம்பி, கரண்டைக் குறைச்சுப் போட்டாங்களோ?” என்று பதறிவிட்டார். அவரைப் போன்றவர்கள் மின் நிறுவனம் மாறுவது பற்றித் தெரிந்துகொள்ளத்தான் துண்டறிக்கை எழுதுகிறோம். அவரையே பயமுறுத்தும் சொல் வேண்டாம்.

அவர் வீட்டு அலமாரிக்குள் இரண்டு மீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று விளக்கு, டிவி, சமையலுக்கு. மற்றது ஹீட்டர்களுக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும். அந்த ஹீட்டர்களுக்குள் செங்கல் அடுக்கியிருக்கும். இரவில் சூடேறி, பகல் முழுக்க மெல்ல வெப்பம் விடும். மீட்டர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலையில் வரும் பிபிசி ரேடியோ 4 ஒலிபரப்போடு சேர்ந்து வரும் சமிக்ஞையைப் பிடித்து, ஹீட்டர் இணைப்பைப் போடுவதும் அணைப்பதும் அதன் வேலை. இந்தச் சமிக்ஞைச் சேவையை 2025 ஜூன் 30 முதல் படிப்படியாக நிறுத்தத் தொடங்கினார்கள். அந்தப் பெட்டி இருக்கும் வீடுகளில் மீட்டரை மாற்றியாக வேண்டும்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. மீட்டரை மாற்றுவது ஒன்று, மின்சாரம் விற்கும் நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போவது வேறு. அம்மா ஒரு நிறுவனத்திடம் கேட்டபோது, “மீட்டரை மாற்றினால்தான் எங்களிடம் வரமுடியும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் 2016-இல் பிறப்பித்த உத்தரவுப்படி, பெரிய நிறுவனங்கள் இப்படிப்பட்ட மீட்டர் உள்ளவர்களுக்கும் ஒற்றைக் கட்டணத் திட்டங்களை, அதாவது இரவு பகல் என்று பிரிக்காமல் ஒரே விலை வைக்கும் திட்டங்களை, கொடுக்க வேண்டும். அதற்காக மீட்டரை மாற்றச் சொல்லி நிபந்தனை போடக்கூடாது. இது தெரியாமல் எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

‘நேரவரம்பு மானி’ சரிவருமா?

– கிளாஸ்கோவிலிருந்து

———

தம்பி,

‘வரம்பு’ வந்தாலே தடை என்றுதான் படும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் பம்புசெட்டுக்கு மும்முனை கரண்டு பல வருஷம் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துபோய் மோட்டார் போட்டவர்கள் நாங்கள். அதை யாரும் தடை என்று சொன்னதில்லை. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல அதுவும் ஒரு முறை, அவ்வளவுதான். அந்த ஹீட்டருக்கும் இரவில் முறை வருகிறது. ‘முறைமானி’ என்று வையுங்கள்.

– தஞ்சாவூரிலிருந்து

———

ஐயா,

முறைத்தண்ணீர் உவமை அருமை. துண்டறிக்கையில் விளக்கமாக அதையே சேர்க்கிறேன். தலைச்சொல்லாக வைக்கத்தான் தயக்கம். இலங்கைத் தமிழில் ‘முறைப்பாடு’ என்றால் புகார். ‘முறைமானி’ என்றதும் அம்மா, “ஆர் மேல முறைப்பாடு?” என்றுதான் கேட்டார்.

பிறகு ‘வேளை’ என்று சொல்லிப் பார்த்தேன். மருந்துச் சீட்டிலும் சாப்பாட்டிலும் புழங்குகிற சொல். “ஓம், இரவு வேளைக்கு ஒரு மீற்றர். விளங்குது” என்றார். ஆகவே அகராதிக்கு ‘வேளைமானி’, துண்டறிக்கைக்கு ‘வேளை மீட்டர்’ என்று முன்வைக்கிறேன். முதல் தடவை வரும் இடத்தில் ‘ரெஸ்ட்ரிக்டட் மீட்டர்’ என்பதையும் தமிழ் எழுத்தில் போட்டே ஆகவேண்டும். தொலைபேசியில் அவர்கள் சொல்லிக் கேட்க வேண்டிய சொல் அதுதான்.

‘ஸ்விட்சிங்’, அதாவது நிறுவனம் மாறுவது பற்றியும் ஒரு வார்த்தை. ‘மின் மாற்றம்’ என்று எழுதியதை நீக்கிவிட்டேன். தமிழில் ‘மாறு’, ‘மாற்று’ என்று தன்வினையும் பிறவினையும் தனித்தனியாகவே இருக்கின்றன. நமக்கு வேண்டிய வேறுபாடு அதிலேயே இருக்கிறது. நிறுவனத்துக்கு ‘மாறுதல்’, மீட்டருக்கு ‘மாற்றுதல்’ என்று கடைசிவரை பிறழாமல் எழுதினால் போதும்.

துண்டறிக்கைக்கான வரிகள் கீழே. பிழை இருந்தால் திருத்துங்கள்:

“உங்களிடம் வேளை மீட்டர் இருந்தாலும் நீங்கள் வேறு பெரிய நிறுவனத்தின் ஒற்றைக் கட்டணத் திட்டத்துக்கு மாறலாம். அதற்காக மீட்டரை மாற்றத் தேவையில்லை. ரேடியோ சமிக்ஞைப் பெட்டி இருந்தால் மீட்டரை மாற்றியாக வேண்டும், ஆனால் அது தனி வேலை. ஆனால் ஒற்றைக் கட்டணத்துக்கு மாறினால் இரவு யூனிட்டுக்கும் பகல் யூனிட்டுக்கும் ஒரே விலைதான். இரவு ஹீட்டரை நம்பியிருப்பவர்கள் பழைய பில்லை எடுத்துக் கணக்குப் பார்த்த பிறகே மாறுங்கள்.”

– கிளாஸ்கோவிலிருந்து