பாடசாலைத் தோட்டத்தில் மூன்று சகோதரிகள்: எப்படி நடுவது, யாரிடம் கேட்பது?

கேள்வி: ஸ்காபரோ ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பாடசாலையில் நான்காம் வகுப்புக்குக் கற்பிக்கிறேன். என் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள். சென்ற ஆண்டு பாடசாலையின் பின்புறத்தில் பாத்திகள் அமைத்து, இங்குள்ள பூர்வகுடிகளான ஹோடனோசோனி மக்கள் மூன்று சகோதரிகள் என்று சொல்லும் சோளம் (மக்காச்சோளம்), போஞ்சி, பூசணி ஆகிய மூன்றையும் மே மாத இறுதியில் ஒரே நாளில் ஊன்றினோம். ஜூன் முடிவில் விடுமுறை விடும்போதே போஞ்சிக் கொடிகள் இளம் சோளத் தண்டுகளைச் சுற்றி வளைத்துச் சாய்த்துவிட்டிருந்தன. செப்டம்பரில் திரும்பி வந்து பார்த்தால், பூசணி இலைகளுக்கு அடியில் சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு கதிர்கள் கிடந்தன. உரித்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகவே மணி பிடித்திருந்தது.

பயிர் பொய்த்ததைவிட இன்னொன்றே என்னை அதிகம் உறுத்துகிறது. வதிவிடப் பாடசாலைகளில் துன்புற்ற பூர்வகுடிப் பிள்ளைகளை நினைவுகூரும் செப்டம்பர் 30 அன்று, அதற்காகச் செம்மஞ்சள் சட்டை அணிந்து வந்திருந்த ஒரு பிள்ளை, “இந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்த ஆட்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், டீச்சர்?” என்று கேட்டாள். அந்த மக்களைப் பற்றி நான் அதுவரை பேசிய எல்லாமே “செய்தார்கள், வாழ்ந்தார்கள்” என்றே இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வசந்தத்தில் இதை முறையாகச் செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: மண்வெட்டி

ஆசிரியை அவர்களுக்கு, முதலில் பயிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றையும் ஒரே நாளில் ஊன்றக் கூடாது. மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து முதலில் சோளத்தை ஊன்றி, அது ஒரு சாண் உயரம் வளர்ந்த பிறகு அதைச் சுற்றிப் போஞ்சியையும், மேலும் ஒரு வாரம் கழித்துப் பூசணியையும் ஊன்ற வேண்டும். கடையில் கிடைக்கும் இனிப்புச் சோளத்தின் தண்டு கொடியைத் தாங்காது. இந்த முறைக்கு உரியது, முற்றவிட்டு உலர்த்தி மாவாக்கும் தடித்த தண்டுச் சோளம். சோளத்தில் மகரந்தத்தைச் சுமந்து செல்வது காற்று என்பதால், ஒற்றை வரிசையாக நடாமல் மேடுகளைச் சதுரமாக நெருக்கி அமையுங்கள். உங்கள் கதிரில் மணி பிடிக்காததற்குப் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும்.

போஞ்சி சோளத்துக்கு உரம் கொடுக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அதன் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து பிடித்துத் தரும் தழைச்சத்தில் பெரும்பகுதியைப் போஞ்சியே எடுத்துக்கொள்கிறது. அதன் வேரும் இலையும் மட்கிய பிறகுதான் மண்ணுக்கு, அதாவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுப் பயிருக்கு, அது போய்ச் சேர்கிறது. ஆகவே அறுவடைக்குப் பின் வேரைப் பிடுங்கி எறியாமல் மண்ணிலேயே விடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. ஹோடனோசோனி மக்கள் சோளத்தை மரச்சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்துத் தோல் நீக்கிய பிறகே சமைப்பார்கள். அப்படிச் செய்யும்போதுதான் அதிலுள்ள நியாசின் என்ற உயிர்ச்சத்து உடலில் சேரும். ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துச் சென்றார்கள். இந்தச் சமையல் முறையை எடுத்துச் செல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டிலிருந்து வட இத்தாலியில் சோளக் கூழையே நம்பி வாழ்ந்த ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா என்னும் நோய் வாட்டியது. விதையை மட்டும் வாங்கிக்கொண்டு அதை வளர்த்தெடுத்தவர்களிடம் எதையும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பதில் 2: பிராண்ட்ஃபோர்ட் வாசகர்

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை மிக அருகிலேயே இருக்கிறது. ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில், கிராண்ட் ஆற்றங்கரையில், ஹோடனோசோனி கூட்டமைப்பின் ஆறு தேசங்கள் என்று அழைக்கப்படும் மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். தம் வெள்ளைச் சோளத்தை இன்றும் விதைக்கிறார்கள். உங்கள் பகுதியிலேயே, ரூஜ் ஆற்றின் ஓரத்தில், 17ஆம் நூற்றாண்டில் ஒரு செனெகா கிராமம் இருந்தது. அதே வேளையில், ஸ்காபரோ நிலம் 1923ஆம் ஆண்டில் அரசு பூர்வகுடிகளுடன் செய்த வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்குள் வருவது; அவற்றில் கையெழுத்திட்டவர்கள் வேறொரு பூர்வகுடியினரான அனிஷினாபே மக்களைச் சேர்ந்த மிசிசாகாக்களும் சிப்பெவாக்களும். ஹோடனோசோனி மக்களுக்கும் அவர்களுக்கும் மொழியும் கதைகளும் வேறு வேறு. எல்லோரையும் “பூர்வகுடிகள்” என்ற ஒரே சொல்லுக்குள் அடக்காமல், எந்த மக்களிடமிருந்து எதைக் கற்கிறோம் என்று பெயர் சொல்லிக் கற்பியுங்கள்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிராண்ட்ஃபோர்ட்டில் 1970 வரை இயங்கிய மோஹாக் இன்ஸ்டிடியூட் என்ற வதிவிடப் பாடசாலையில், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகள் பல தலைமுறைகளாகப் பண்ணையில் வேலை வாங்கப்பட்டார்கள். அந்த மண்ணில் விளைந்தவை இருக்க, அவர்களுடைய தட்டில் விழுந்தது பெரும்பாலும் கூழ்தான். அதனால் அந்த இடத்துக்கு “கூழ்க் குழி” என்ற பொருளில் மஷ் ஹோல் என்றே பெயர் வைத்தார்கள். பாடசாலைத் தோட்டம் என்ற சொல் சில குடும்பங்களில் எந்த நினைவைக் கிளறும் என்பதை அறிந்த பின்னரே அந்த மக்களில் ஒரு மூத்தவரை வகுப்புக்கு அழையுங்கள். பல சமூகங்களில் அறிவு கேட்டு வருபவர் புகையிலை கொடுத்துக் கேட்பது மரபு. அழைக்கப்படுபவருக்கு எது பொருந்தும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அவருடைய நேரத்துக்கு உரிய மதிப்பூதியத்தையும் தோட்டச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவையுங்கள். சில கதைகளைப் பனி விழுந்திருக்கும் காலத்தில் மட்டுமே சொல்வார்கள் என்பதால், அவரை நடவு நாளில் மட்டுமல்லாமல் ஜனவரியிலும் அழைக்கலாம்.

பதில் 3: இரண்டு பிள்ளைகளின் தாய்

யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பா வயலில் சணல் விதைத்து, பூக்கும் பருவத்தில் மண்ணுக்கு உரமாக மடக்கி உழுவார். மூன்று சகோதரிகளைப் பற்றி என் மகன் வீட்டில் சொன்னபோது நானும் அதைத்தான் சொன்னேன். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் “எங்களிடமும் இது இருந்தது” என்று பேச்சை முடித்துவிட்டால், பிள்ளை கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அங்கேயே நின்றுவிடும். கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்றால் எங்களிடம் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு குடும்பம் என்று பிரித்துக்கொண்டால், பாடசாலை மூடியிருக்கும் ஒன்பது வாரங்களையும் சமாளிக்கலாம்.

ஸ்காபரோ ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் கல்விச் சபையில் பூர்வகுடிக் கல்விக்குப் பொறுப்பானவர்களுக்கு இன்று கடிதம் அனுப்பிவிட்டேன். அவர்களுடைய பதில் வந்த பிறகே விதை வாங்குவேன். கேள்வி கேட்ட பிள்ளையிடம் நாளை வகுப்பில் கிராண்ட் ஆற்றின் வரைபடத்தைக் காட்டப் போகிறேன். தாயார் அவர்களே, ஜூலை முதல் வாரத்தை உங்கள் குடும்பத்துக்கு எழுதிக்கொள்ளட்டுமா?