அலுவலக விக்கியில் எடிட் செய்யப் பயப்படுகிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி:
எங்கள் உள் விக்கி மீடியாவிக்கி என்ற மென்பொருளில் ஓடுகிறது. ஸ்டோர்ஸ் அக்கா ஒரு விலையை மாற்றும்போது, அட்டவணைக் குறியீட்டில் இருந்த செங்குத்துக் கோடு (|) ஒன்றையும் அழித்துவிட்டார். பக்கமே குலைந்துபோனது. அப்புறம் எடிட் பட்டன் பக்கமே அவர் வருவதில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை.

பதில் 1:
எந்தப் பதிப்பு? 2020-இல் வந்த 1.35 முதல் பக்கத்தைப் பார்த்தபடியே திருத்த உதவும் விஷுவல் எடிட்டர் கூடவே வருகிறது, அதற்காகப் பின்னணியில் குறியீட்டை மாற்றித் தரும் பார்சாய்டுக்குத் தனி சர்வர் வேண்டாம். கட்டத்தை இரண்டு முறை கிளிக் செய்து விலையை மாற்றலாம், குறியீடே கண்ணில் படாது.

பதில் 2:
முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வரலாறு பக்கத்தில் பழைய பதிப்பை மீட்டுக் காட்டுங்கள். எதைக் கெடுத்தாலும் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்தால் கை தானாக வரும்.

கேட்டவர்:
1.31 தான் ஓடுகிறது! சனிக்கிழமை பேக்கப் எடுத்துவிட்டு மேம்படுத்துகிறேன். வரலாறு பக்கத்தை நாளைக்கே அக்காவுக்குக் காட்டுகிறேன்.