நம் சபை மலரில் உபதேசியார்கள் பெயர்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன். நம் சபை வரலாற்றைச் சொல்லும் சபை மலருக்காக நம் செயலாளர் அண்ணன் அனுப்பியிருந்த வரைவை, இரவு டியூட்டி முடிந்து வந்து நேற்றும் இன்றும் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். மிஷனரிகளைப் பற்றிய பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஐயர்மார் (போதகர்கள்) பட்டியலும் வந்த வருஷம், போன வருஷம் என்று ஒழுங்காக இருக்கிறது. அதற்காக எத்தனை பேரிடம் கேட்டு அலைந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐயர் இல்லாத நாட்களில் சபையை நடத்திய உபதேசியார்களுக்கு ஒரே ஒரு வரி. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடையே ஊழியம் செய்த பைபிள் உமன்களுக்கு அதுவும் இல்லை. மணி அடித்து, குழி வெட்டிக் கோயில் வேலை பார்த்த கோயில்குட்டி என்ற சொல்லையே எங்கும் காணோம். அச்சுக்குப் போவதற்குள் இதைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளில் பாதிப்பேர் வெளியூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் சில விஷயங்களை முதலிலிருந்து சொல்கிறேன். குமரி மாவட்டத்தில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், இரட்சணிய சேனை என்று எங்கு திரும்பினாலும் கோயில்தான். அவற்றுக்கு நடுவே லுத்தரன்காரர்கள் சிறு கூட்டம். நம்முடையது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. இதன் ஆரம்பம் 1895. வேதாகமம் முழுவதும் தேவ ஏவுதலால் ஆனதா என்ற கேள்வியில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனை விட்டுப் பிரிந்த தியோடர் நேதர், பிரான்ஸ் மோன் என்ற இருவரை அமெரிக்காவின் மிசௌரி சினாடு என்ற லுத்தரன் திருச்சபை அனுப்பியது. அவர்கள் வேலை தொடங்கியது கிருஷ்ணகிரி, ஆம்பூர் பக்கம். நேதர் 1904-இல் கிருஷ்ணகிரியிலேயே பிளேக் நோயில் இறந்துபோனார்.

நம் பக்கம் அவர்கள் வந்தது 1907-இல், நாகர்கோவில் வடசேரிக்கு. இதை மலரில் "மிஷனரிகள் குமரிக்கு வந்தார்கள்" என்று எழுதியிருக்கிறோம். வந்தார்கள், சரி. அழைத்தது யார்? தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டு இங்கிருந்த சாம்பவர் குடும்பங்கள். அன்று நம் பகுதி சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல். இந்துக் கோயில் கதவு எல்லாச் சாதிக்கும் திறந்தது 1936 நவம்பர் 12 அறிவிப்புக்குப் பிறகு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்பதை அடுத்தவன் முடிவு செய்த நாட்களில், நம் பெரியவர்கள் தங்களுக்கு இன்ன சபை வேண்டும் என்று தாங்களே கேட்டு வாங்கினார்கள். மலரின் முதல் பத்தி இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் நடந்ததெல்லாம் வரைவில் இருக்கிறது. 1924-இல் நாகர்கோவிலில் கன்கார்டியா வேதசாஸ்திரக் கல்லூரி தொடங்கியது, 1958-இல் திருச்சபை சுயமாக அமைந்தது, ஆம்பூர், நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று மூன்று சினாடுகள் (வட்டாரப் பிரிவுகள்) ஆனது. அவற்றை நான் திரும்பச் சொல்லவில்லை.

உபதேசியார் விஷயத்துக்கு வருகிறேன். ஐயருக்கு ஒரே நேரத்தில் நாலைந்து சபைகள். மாதத்தில் ஒரு ஞாயிறு நம் ஊருக்கு வருவார். அன்று திருவிருந்து, இருந்தால் ஞானஸ்நானம், அவ்வளவுதான். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தியவர் உபதேசியார். சனிக்கிழமை சாயங்காலம் வீடு வீடாகப் போய் மறுநாள் திருவிருந்துக்கு யார் யார் வருகிறீர்கள் என்று பேர் எழுதியவர் அவர். அண்ணன் தம்பி பேசாமல் இருந்தால் முதலில் அங்கே உட்கார்ந்து சமாதானம் பேசிவிட்டுத்தான் பேரை எழுதுவார். ராத்திரி யாருக்காவது மூச்சு முட்டினால் லாந்தரை எடுத்துக்கொண்டு ஜெபிக்கப் போனவரும் அவர்தான். இதில் எதையும் நான் கேள்விப்பட்டு எழுதவில்லை. என் அம்மாவின் அப்பா அந்த வேலை செய்தவர். பாட்டாவின் கைவிரல் பிடித்துக்கொண்டு அந்தச் சனிக்கிழமைகளில் நானும் போயிருக்கிறேன்.

வார நாட்களில் அதே கோயில்தான் பள்ளிக்கூடம், அதே உபதேசியார்தான் வாத்தியார். பெஞ்சு கிடையாது. தரையில் மணல் பரப்பி விரலால் அ, ஆ எழுதினோம் என்று அம்மா சொல்வாள். எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் கையில் கிடைத்த முதல் புத்தகம் மார்ட்டின் லுத்தரின் சிறிய ஞானோபதேசம். அந்தப் புத்தகம் எப்படி வந்தது என்பது மலரில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வரட்டும். 1528-இல் லுத்தர் கிராமத்துச் சபைகளைப் பார்வையிடப் போனார். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம் இவைகூடத் தெரியாமல் ஜனங்கள் இருந்தார்கள். போதகர்களில் பலருக்கே கற்பிக்கும் திராணி இல்லை. மனம் நொந்து அடுத்த வருஷமே, 1529-இல், கேள்வி பதிலாக ஒரு சிறு நூலை எழுதினார். வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்கும்படி எழுதியது. தரங்கம்பாடிக்கு 1706 ஜூலையில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். ஜெர்மன் கிராமத்துக் குடியானவனுக்காக எழுதியதை நம் ஊர் மண் தரையில் உட்கார்ந்து, "இதற்கு அர்த்தம் என்ன?" என்று பாட்டா கேட்க, நாங்கள் ராகம் போட்டுப் பதில் சொன்னோம். இன்றைக்கும் வார்டில் மனசு குழம்பும் நேரத்தில் எனக்கு முதலில் வாயில் வருவது அந்தப் பதில்களில் ஏதாவது ஒன்றுதான்.

உபதேசியார் என்பது ஐயருக்குக் கீழே ஓர் எடுபிடி வேலை என்று இளைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு லுத்தரன் வரலாற்றை எந்தப் பக்கம் புரட்டினாலும் உபதேசியார்தான் முன்னால் நிற்கிறார். இந்தியாவில் புராட்டஸ்டன்ட் போதகராக அபிஷேகம் பெற்ற முதல் இந்தியர் ஆரோன். 1733 டிசம்பர் 28, தரங்கம்பாடி. அதற்கு முன் பல வருஷம் அவர் உபதேசியார். பாளையங்கோட்டைச் சபையைக் கட்டி எழுப்ப சுவார்ட்ஸ் ஐயர் அனுப்பிய சத்தியநாதனும் உபதேசியாராகப் போனவர்தான். 1790-இல்தான் அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் கதை குமரிக் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். சிதம்பரத்துக்குப் போனவர் தஞ்சாவூரில் லுத்தரன் மிஷனரி கோல்ஹாப் ஐயர் போதனையைக் கேட்டு, அங்கேயே ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். பிறகு அவர் வேண்டிக்கொண்டபடி 1806-இல் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தார். ரிங்கல்தௌபேயை அனுப்பியது லண்டன் மிஷன் என்றாலும் அவர் பிரஷ்ய நாட்டு லுத்தரன்காரர், அந்த மிஷனுக்காக வந்திறங்கியதும் தரங்கம்பாடியில்தான். 1816-இல் உடம்பு முடியாமல் அவர் கிளம்பியபோது சபைகளை யாரிடம் ஒப்படைத்தார்? வேதமாணிக்கத்திடம். அடுத்த மிஷனரி வரும்வரை சபை சிதறாமல் நின்றது அவராலும் அவரோடிருந்த உபதேசியார்களாலும். நூறு வருஷம் கழித்து முதல் உலகப்போர் வந்தபோதும் கிட்டத்தட்ட அதே நிலைதான். ஜெர்மன் குடியுரிமை வைத்திருந்த மிஷனரிகள் வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. மிஞ்சிய சிலரால் எல்லாச் சபைகளையும் பார்க்க முடியுமா? ஞாயிறு தவறாமல் மணி அடித்தது என்றால் அதற்கு உள்ளூர் ஊழியர்கள்தான் காரணம்.

போன டிசம்பரில் ஊருக்கு வந்தபோது இப்போதைய ஐயரிடம் கேட்டு, பழைய பதிவேடுகளைப் பார்த்தேன். ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் நடத்தியவர் என்ற இடத்தில் ஐயரின் கையெழுத்து இருக்கும். அடக்கப் பதிவேட்டிலும் அப்படியே. பிறகு ஒரு சிவப்புக் காலிகோ அட்டை போட்ட கணக்குப் புத்தகம் கிடைத்தது. "உபதேசியார் சம்பளம்", "கோயில்குட்டிக்கு", "விளக்குக்கு மண்ணெண்ணெய்" என்று மாதா மாதம் எழுதியிருக்கிறார்கள். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரு பெயர்கூட இல்லை. அந்தக் கையெழுத்து என் பாட்டாவின் கையெழுத்து. தன் சம்பளத்தைத் தானே எழுதும்போதும் "உபதேசியார்" என்றுதான் எழுதியிருக்கிறார். அங்கேயே, வெஸ்ட்ரி அறைப் பெஞ்சில், கொஞ்ச நேரம் அழுதேன்.

பாட்டி பைபிள் உமன். வெள்ளைச் சட்டை, முண்டு, தோளில் துணிப்பை, கையில் கறுப்புக் குடை. செவ்வாயும் வெள்ளியும் போவாள். ஐயரோ உபதேசியாரோ திண்ணையைத் தாண்டிப் போக முடியாத வீடுகளில் அவள் அடுக்களை வரைக்கும் போவாள். பிரசவம் ஆன பெண்ணுக்குக் காய மருந்து இடித்துக் கொடுத்துக்கொண்டே சங்கீதம் சொல்லிக் கொடுப்பாள். புருஷன் அடித்த காயத்தை எந்தப் பெண்ணும் ஐயரிடம் காட்ட மாட்டாள், பாட்டியிடம் காட்டினார்கள். வாசிக்கத் தெரியாத எத்தனையோ பெண்கள் அவளிடம் எழுத்துப் படித்துப் பாமாலைப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். பிடியரிசிக் கலயத்தை ஒவ்வொரு வீட்டிலும் வைத்தவளும் அவள்தான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கர்த்தருக்கு. பஞ்ச காலத்திலும் அந்தக் கலயம் காலியாக வரவில்லை என்பாள். ஓட்டுக் கூரை போட்ட பணத்தில் அந்த அரிசியை விற்ற காசும் உண்டு. மலரில் கூரைக்கு வெளிநாட்டு உதவி வந்தது என்று இருக்கிறது. வந்தது உண்மை. பிடியரிசியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

கோயில்குட்டி பாட்டாவை நம் வயசுக்காரர்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி. மூன்றாம் மணிக்கு முன்னால் வந்து சேராத பிள்ளைகளை வாசலில் நிறுத்திக் கால் கழுவச் சொல்லி உள்ளே விடுவார். சாவு மணி அடிக்கும்போது அவர் முகத்தை யாரும் பார்க்கவிட மாட்டார், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அடிப்பார். குழி வெட்டுவதும் அவரே. சொந்த மகனுக்கும் அவரேதான் வெட்டினார். வேறு யாராவது செய்யட்டும் என்று ஐயர் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

அறுப்பின் பண்டிகையில் ஏலம் கூறுவதும் அவர் பொறுப்புத்தான். ஏத்தன் குலை, மரச்சீனி, பலாப்பழம், முட்டை, ஒருநாள் யாரோ கொண்டுவந்த சேவல். குரல் அப்படிக் கணீரென்று இருக்கும். அந்தச் சேவலை எடுத்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள், எழுதுங்கள்.

பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள், ஆர்மோனியம் வாசித்த சார் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

நான் கேட்பது இதுதான். மலரில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். இடம் போதாது என்றால் மிஷனரி பங்களாவின் இரண்டு படங்களில் ஒன்றை எடுத்துவிடலாம். அவரவர் வீட்டில் பழைய குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தைப் பாருங்கள். ஞானஸ்நானத்துக்குச் சாட்சி நின்றவர், ஜெபித்தவர் என்று அதில் எழுதியிருப்பார்கள். கல்யாணப் போட்டோக்களில் ஐயருக்குப் பின்னால், ஓரத்தில், அங்கவஸ்திரத்தோடு நிற்கிறவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் கல்லறைத் தோட்டத்தில் தெற்கு மூலையிலுள்ள சிலுவைகளைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பினால் பெரிய உபகாரம். எழுத்து தேய்ந்திருந்தால் காலை வெயில் சாய்வாக விழும்போது எடுங்கள், தெரியும். உயிரோடிருப்பவர்களின் பெயரைப் போடுவதற்கு முன் அவர்கள் சம்மதத்தைக் கேட்டுக்கொள்வோம்.

தொண்ணூறு வயசைத் தொட்ட மூன்று அம்மாமார் ஊரில் இருக்கிறார்கள். என் சித்தி மகள் அவர்களிடம் போய்ப் பேசிப் போனில் பதிவு செய்ய ஒத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை முதல் வீட்டுக்குப் போகிறாள். அவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அதை வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள். என் முதல் கேள்வியை அவளிடம் சொல்லிவிட்டேன். கோயில்குட்டி பாட்டா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம், அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்ன?