மனைவிக்கு முதல் கைத்துப்பாக்கி: கடைக்குப் போவதற்கு முன்னால்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். திங்கள் முதல் வியாழன் வரை வேலைக்காக வெளியூர். மனைவி ஊரிலிருந்து வந்து நாலு மாதம்தான். டெக்சாஸில் டாலஸ் பக்கம் புது வீடு, பின்னால் இன்னும் யாரும் வீடு கட்டாத பொட்டல். "அவளுக்கு எந்த ஹேண்ட்கன் வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குக் கீழே பத்துப் பேர் பத்து மாடல் சொல்லிவிட்டார்கள். உங்கள் இருவருக்கும் என்ன விசா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

எச்-1பி (வேலை), எச்-4 (எச்-1பி-காரரின் மனைவி அல்லது கணவர்), எல்-1 (கம்பெனி மாற்றல்), எஃப்-1 (படிப்பு) எல்லாமே தற்காலிக விசாக்கள். இவற்றில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே மத்திய அரசின் சட்டப்படி குற்றம். டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்பதை வைத்துக்கொண்டு "இங்கே எல்லாருக்கும் ஓகே" என்பார்கள். அது மாநிலச் சட்டம். மத்தியச் சட்டம் தடுத்தவருக்கு அது உதவாது. ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், வாடகைக்கு எடுத்துப் பத்து நிமிடம் சுடுவதும் 'வைத்திருப்பது'தான். லாஸ் வேகாஸ் போய்த் துப்பாக்கியோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடும் எச்-1பி நண்பர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு விதிவிலக்கு சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிற குடும்பம் அதைத் தானாகப் படித்துவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாக ஒரு தண்டனை விழுந்தால், கிரீன் கார்டு வைத்திருப்பவரைக்கூட நாடு கடத்த அது ஒன்றே போதும்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர் வாங்கலாம். உங்கள் மனைவி குடியேற்ற விசாவில், அதாவது சிஆர்-1 மாதிரி ஒன்றில் வந்திருந்தால், நுழைந்த அன்றே அவர் நிரந்தரக் குடியிருப்பாளர். கடையில், வாங்குபவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் படிவம் 4473 கொடுப்பார்கள். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். கஞ்சா பற்றியும் ஒரு கேள்வி உண்டு. மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டத்தில் அது இன்னும் போதைப்பொருள்தான் என்று படிவத்திலேயே எச்சரித்திருப்பார்கள். பிறகு எஃப்பிஐயின் பேக்ரவுண்ட் செக். டீலரிடம் ஹேண்ட்கன் வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். நீங்கள் வாங்கி மனைவிக்கு உண்மையான பரிசாகக் கொடுப்பதில் தவறில்லை, அவர் வைத்திருக்கத் தகுதியுள்ளவர் என்றால். தகுதியில்லாதவருக்காக உங்கள் பெயரில் வாங்கினால் இருவருமே மாட்டிக்கொள்வீர்கள். உங்களுக்கு கிரீன் கார்டு வந்து மனைவி இன்னும் எச்-4 என்றால், இந்தப் பதிவின் மீதியை அவருக்கும் கிரீன் கார்டு வரும்போது படியுங்கள்.

வேறு மாநிலத்தில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு ஹேண்ட்கனுக்கும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், மேகசினில், அதாவது தோட்டா அடைக்கும் கூட்டில், 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. கலிபோர்னியாவில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி, அப்புறம் 10 நாள் காத்திருக்க வேண்டும். இல்லினாய்ஸில் எஃப்ஓஐடி கார்டு, அதாவது துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மாநிலம் தரும் அடையாள அட்டை, வேண்டும். கனடாவில் 2022 அக்டோபரிலிருந்து ஹேண்ட்கன் விற்பனையையே நிறுத்திவைத்துவிட்டார்கள். டொரன்டோ சொந்தங்கள் இதை வேடிக்கை பார்க்க மட்டும் படிக்கலாம்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கிரீன் கார்டு வந்த வருடம் என் வீட்டுக்காரர் கடைக்குத் தனியாகப் போனார். "லேடீஸுக்கா? சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கிதான் சரி" என்று கடைக்காரர் சொல்ல, ஐந்து தோட்டா போடுகிற குட்டி ரிவால்வர் ஒன்றோடு வந்தார். சுமார் 400 கிராம். பிடி ஊதா நிறத்தில், பிறந்தநாள் பரிசு மாதிரி. மதுரையில் என்சிசியில் .22 ரைபிள் சுட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் ரேஞ்சுக்குப் போனேன். மூன்றாவது தோட்டாவிலேயே உள்ளங்கை திகுதிகுவென்று எரிந்தது. நான்காவதைச் சுடும்போது என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடிச் சுடுகிற ஆளோடு ஒரே வீட்டில் இருப்பது திருடனைவிட ஆபத்து என்று அவருக்கும் அன்று புரிந்தது. அந்த ரிவால்வர் இரண்டு வருடம் பெட்டியில் தூங்கிவிட்டு விற்றுப் போனது.

காரணம் எளிது. தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். கனமான துப்பாக்கி அந்த உதையில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும், லேசானது அப்படியே கைக்குத் தள்ளிவிடும். அந்தக் குட்டி ரகமெல்லாம் உடம்போடு மறைத்து எடுத்துப் போகிறவர்களுக்காகச் செய்தது. உங்களுடையது வீட்டுப் பெட்டியை விட்டு வெளியே போகாதபோது எதற்கு லேசாக இருக்க வேண்டும்? ரிவால்வர் சிக்கலில்லாதது, இழுத்தால் சுடும் என்பார்கள். அந்த இழுப்புதான் சிக்கல். அதன் ட்ரிகர் சாதாரண பிஸ்டலைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினம். அதை இழுக்கிற இழுப்பில் குறி நகர்ந்துவிடும்.

பிஸ்டலில் பெண்கள் பலரும் முதலில் தடுமாறுவது ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பகுதியை, இழுப்பதில். "கையில் பலம் இல்லை" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். பெரும்பாலும் பலம் காரணமில்லை, முறைதான். ஸ்லைடை இழுக்காதீர்கள். இடது கையால் அதை மேலிருந்து அழுத்திப் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். குழல் முழு நேரமும் சுடும் திசையிலேயே இருக்கட்டும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் அறுபது வயதுப் பெண்மணி, விரல்களில் மூட்டுவாதம் உள்ளவர்.

அப்படியும் கஷ்டமாக இருந்தால் ஸ்லைடு இலகுவான மாடல்கள் இருக்கின்றன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி அதற்கென்றே வந்தது. 380, 9 எம்எம் என்ற இரண்டு தோட்டா அளவிலும் உண்டு, 8 தோட்டா பிடிக்கும், மேகசினில் தோட்டா அடைப்பதும் சுலபம். வால்தர் பிடிபி எஃப் சிறிய கைகளை அளந்து செய்தது, 2022-ல் வந்தது. பலரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் க்ளாக் 19 நல்ல துப்பாக்கிதான். மேகசின் இல்லாமல் சுமார் 600 கிராம், 15 தோட்டா. ஆனால் அதன் பிடி எனக்குத் தடிமன், கட்டைவிரல் எட்ட வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. என் தோழிக்கு அது அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி உட்கார்ந்தது. அதனால்தான் மாடல் பெயரைக் கேட்காதீர்கள் என்கிறேன். பிடித்து நீட்டும்போது மணிக்கட்டுக்கும் முன்னங்கைக்கும் நேராகத் துப்பாக்கி இருக்க வேண்டும். கையைத் திருகாமல் ஆட்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகரில் படிய வேண்டும். இந்த இரண்டையும் பார்க்க உங்கள் மனைவியின் கை கடையில் இருந்தாக வேண்டும்.

தோட்டா அளவைப் பற்றி நடக்கும் சண்டையில் நான் இறங்கவில்லை. 9 எம்எம் பரவலாகக் கிடைக்கும், விலையும் பெரும்பாலும் 380-ஐவிடக் குறைவு. உதை தாங்கவில்லை என்றால் 380-க்குப் போவதில் வெட்கம் இல்லை. பழக மட்டும் சின்னத் தோட்டா போடும் ஒரு .22 எடுத்துக்கொண்டால் உதையும் மிகக் குறைவு, செலவும் குறைவு. க்ளாக் 44 அப்படிப்பட்டது, அளவில் க்ளாக் 19-ஐப் போலவே இருக்கும். பல ரேஞ்சுகளில் .22 வாடகைக்குக் கிடைக்கும். முதல் நாள் அதிலிருந்தே தொடங்குங்கள்.

நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கணவன் மனைவிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. பயிற்சியாளரிடம் பணம் கட்டி விட்டுவிட்டு, நீங்கள் ரேஞ்சின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே உட்காருங்கள். எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாள்வது, சுடக் கூடாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதது, குறி வைக்கும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே, குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொண்டே சுடுவது: இந்த நான்கையும் அவர் தூக்கத்தில்கூடச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

உடை விஷயத்தை ஆண்கள் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். கழுத்து மூடிய டி-ஷர்ட், மூடிய ஷூ, முடியைக் கட்டிவிட வேண்டும், துப்பட்டா வேண்டாம். சுட்டவுடன் வெளியே தெறிக்கும் பித்தளைக் கூடு கொதிக்கும். அது சுடிதார் கழுத்து வழியாக உள்ளே விழுந்தால் கையில் துப்பாக்கியோடு குதிப்போம். நான் குதித்திருக்கிறேன். உள்ளரங்க ரேஞ்சில் காதுக்கு நுரை அடைப்பான், அதன்மேல் ஹெட்போன் மாதிரி மூடி, இரண்டும் போடச் சொல்லுங்கள். புகையிலும் தூசியிலும் ஈயம் இருக்கும். முடித்ததும் சோப்பால் கைகழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு முயன்றுகொண்டிருந்தாலோ ரேஞ்சுப் பக்கமே போக வேண்டாம், தள்ளிப்போடுங்கள்.

துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் பெட்டிக்கும் எடுத்துவையுங்கள். தலையணைக்கு அடியில், பீரோவில் புடவைக்கு நடுவில் என்பதெல்லாம் நம் ஊரில் நகை வைக்கிற பழக்கம். குழந்தைகள் நகையையும் கண்டுபிடிக்கும், இதையும் கண்டுபிடிக்கும். டெக்சாஸில் 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்கு எட்டும்படி அஜாக்கிரதையாக வைத்து, அவர் அதை எடுத்துவிட்டால் குற்றம். எங்கள் வீட்டில் படுக்கை ஓரம் சின்ன லாக் பாக்ஸ், தரையோடு திருகியது. பட்டன் அழுத்தித் திறக்கும் மெக்கானிக்கல் வகை, பேட்டரி தீரும் கவலை இல்லை. இருட்டில் தடவித் திறப்பதை மாதம் ஒருமுறை பழகுவேன். மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது, பெட்டிக்குள் என்ன என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அத்தை சாமி அறையில் இருக்கும் பெட்டியைப்போல அதைத் தொடாமல் சுற்றிப் போனார்கள்.

இங்கே உள்சுவர் எல்லாம் ஜிப்சம் பலகை. 9 எம்எம் தோட்டா ஒன்றல்ல, நாலைந்து சுவர்களையும் கடந்து குழந்தை படுத்திருக்கும் அறைக்குப் போகும். வீட்டுக்கென்று வைக்கும், முனை குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டா இதைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. ஆகவே சத்தம் கேட்டால் துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றித் தேடுவது வேண்டவே வேண்டாம். குழந்தையோடு ஒரே அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு 911-ஐ அழைத்து, கதவைப் பார்த்தபடி காத்திருப்பதுதான் திட்டம். அப்படியென்றால் முதல் செலவு அந்த அறைக் கதவுக்கும் வாசல் பூட்டுக்கும். வாசல் நிலையில் பூட்டுத் தகட்டின் குட்டித் திருகுகளைக் கழற்றி 3 அங்குலத் திருகு போடுங்கள், சில டாலர்தான் ஆகும்.

இன்னொன்று, யாரும் பேச விரும்பாதது. அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. புது நாடு, வேலை அனுமதி இல்லாத மாதங்கள், வாரத்தில் நான்கு நாள் தனிமை, குளிர்காலம். வந்த முதல் வருடம் நானே மூன்று மாதம் யாரோடும் பேசாமல் கிடந்தேன். அப்போது வீட்டில் துப்பாக்கி இல்லாதது என் நல்ல காலம். உங்கள் மனைவியோ நீங்களோ அந்த மாதிரி ஒரு காலத்தில் இருந்தால் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் வீட்டைவிட்டு வெளியே வேறெங்காவது பாதுகாப்பாக வைக்க ஏற்பாடு செய்யுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் உதவும் எண்ணான 988-க்கு எந்நேரமும் போன் செய்யலாம். நீங்கள் பயப்படுகிறீர்கள், சரி. அவர் கேட்டாரா? உங்கள் கேள்வியில் அது இல்லை. அவருக்கு வேண்டியது நாய்க்குட்டியாகவும், பக்கத்துத் தெருவில் ஒரு தமிழ்த் தோழியாகவும் இருக்கலாம். முதலில் கேளுங்கள். தோழிக்கு நான் இருக்கிறேன், தனியாக எழுதுங்கள்.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்களுக்கு. ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பை மடிப்பில் ஒளிந்திருக்கும் ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தால், அது நம் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. மறந்துவிட்டேன் என்று நிரூபிக்க லீவு முழுவதும் போய்விடும். என் ரேஞ்ச் பை கராஜில் தனி ஆணியில் தொங்குகிறது. அதில் ஜிம் துணிகூட வைப்பதில்லை.