துளைச்சீவலா, துளைநீவலா?

> உலோகச் சில்லு விழாத புரோச்சிங்குக்குத் தமிழில் 'உருத்திரிபுத் துளைச்சீவல்' என்று பெயர் வைக்கலாமா?

வணக்கம் ஐயா,

வழக்கமான புரோச்சிங்குக்குத் துளைச்சீவல் பொருத்தம்தான். பல் வைத்த நீளமான கருவி உலோகத் துளைக்குள் போகிறது, ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் சீவுகிறது. ஆனால் நீங்கள் கேட்கும் சில்லு விழாத முறையில் பல்லே கிடையாது. கோலில் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் ஆன வளையங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் முன்னதைவிட மயிரிழை பெரியது. கோலை இழுக்க இழுக்க உலோகம் ஒதுங்கி வழிவிடும். துளை விரியும், உட்பரப்பு வழவழப்பாகும். சீவலே விழாத வேலைக்குச் சீவல் என்று பெயர் வைத்தால் பாலிடெக்னிக் மாணவர் குழம்பிப்போவார்.

கீவ் நகரத்துப் பாகுல் மீக்கடினப் பொருள்கள் நிறுவனம் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறது. ரஷ்ய மொழியில் புரோச்சிங்குக்கு 'புரோத்யாகிவானியே' என்பார்கள். 'ஊடே இழுத்தல்' என்றுதான் பொருள். வெட்டுவது அதில் இல்லை. அதனால் 'உருத்திரிக்கும்' என்ற அடையைச் சேர்த்தாலும் அங்கே முரண்படவில்லை. நம் 'சீவல்' அப்படி இடம் கொடுக்காது.

என் பரிந்துரை துளைநீவல். சுளுக்குக்கு எண்ணெய் தடவி, அழுத்தி, ஒரே பக்கமாக நீவி விடுவோமே, அதேதான். எண்ணெய்ப்பூச்சு இல்லாவிட்டால் இங்கேயும் வளையம் உலோகத்தில் ஒட்டிக் கீறிவிடும்.

வார்ப்பிரும்புக்கு இந்தச் சொல் இன்னும் நன்றாக ஒட்டுகிறது. சாம்பல் வார்ப்பிரும்பை இழுத்துப் பார்த்தால் 1 விழுக்காடுகூட நீளாமல் உடையும். அதனால் இதில் இந்த முறையே ஆகாது என்று தோன்றும். ஆனால் வளையம் தொடும் இடத்தில் உலோகம் எல்லாப் பக்கமும் அமுக்கப்படுகிறது. அந்த நெருக்கத்தில் நொறுங்குகிற பொருளும் கொஞ்சம் நெகிழும், மேடுகள் அமுங்கும். ஒரேயடியாகப் பெரிய வளையத்தைத் தள்ளினால் மட்டும் சுவர் விரிசல் விடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும், நீவுகிற கை போல. எஸ்ஜி 400/18 என்ற, நன்றாக நீளும் வார்ப்பிரும்பு வகை என்றால் 18 விழுக்காடு நீளும், அங்கே இவ்வளவு பயமில்லை.

கருவிக்கு நீவுகோல், வளையத்துக்கு நீவுவளையம். கோல் வெளியேறியதும் துளை சற்றுச் சுருங்குமே, அதற்கு மீள்சுருக்கம். கருவியை 'நீவி' என வேண்டாம். பழந்தமிழில் அது ஆடையைக் குறிக்கும்.

> துளைநீவல்

நல்ல சொல், தம்பி. சீவலை விட்டுவிடுகிறேன். ஒரே தயக்கம்: உருளை வைத்துப் பரப்பை அழுத்தும் பர்னிஷிங்கையும் நீவல் என்று சொல்லத் தோன்றுமே? அது மேல்தோலோடு நின்றுவிடும். இங்கே சுவரே விரிந்து துளையின் அளவு மாறுகிறது. அதனால் 'துளை விரிநீவல்' என்று வைப்போமா? பட்டறையில் லேத் வேலை செய்கிறவர்களிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அப்புறம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம்.