30 லிட்டர் பதனி காய்ச்ச எவ்வளவு நேரம் ஆகும்? அடுப்பை எங்கே போடுறது?

ஓலைக்கொட்டான்:
ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடிப் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்தில் வீடு. கருப்பட்டி காய்ச்ச தினம் 28 முதல் 30 லிட்டர் பதனி (சுண்ணாம்பு தடவின கலயத்தில் இறக்குற பனஞ்சாறு). காலை ஏழு மணிக்கு மரத்திலிருந்து இறங்குது, வீட்டுக்கு வர ஒன்பது ஆயிடுது. மொட்டை மாடியில் ரெண்டு பர்னர் வீட்டு கேஸ் அடுப்பு, மேலே ரெண்டு குண்டான். பத்து மணிக்கு ஏத்தினது ராத்திரி ஒன்பது வரைக்கும் கொதிச்சுது. சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) ஊத்தி மறுநாள் பார்த்தா அல்வா மாதிரி நிக்குது, இறுகலை. நிறம் கறுப்பு, தொண்டையில் லேசா கரகரப்பு. வழக்கமா எத்தனை மணி நேரம் ஆகும்? சமையலறை, மாடி, கொல்லை, தோப்பு, இதில் எது சரி?

கூப்பனி:
முதலில் கணக்கைப் பாருங்க தம்பி. 30 லிட்டரில் கிடைக்கிறது 3 முதல் மூணரை கிலோ கருப்பட்டி. மிச்சம் 26 லிட்டர் போல ஆவியாப் போயாகணும். வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் காத்தே இல்லாத இடத்தில் மணிக்கு ரெண்டு லிட்டர்தான் வத்த வைக்கும். ரெண்டு பர்னரும் முழுசா எரிஞ்சாக்கூட ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. மாடிக் காத்தில் தீ பக்கவாட்டில் ஓடும், பாதிச் சூடு பாத்திரத்துக்கே வராது. பதினொரு மணி நேரம் ஆனதில் ஆச்சரியமே இல்லை.

குண்டான் ஆழம், வாய் குறுகல். அதுவும் தப்பு. ரெண்டரை அடி வாய் இருக்கிற தாச்சி (அகலமான காய்ச்சுற சட்டி), கீழே நல்ல விறகுத் தீ. இப்படி இருந்தா நேரம் இப்படிப் போகும்:

வடிகட்டி, தெளிய வைக்க 20 நிமிஷம். கொதி வர 40 நிமிஷம். கூப்பனிப் பதம் (பதனி வத்திப் பாகாகிற நிலை) வரைக்கும் மூணு மணி நேரம். கூப்பனியிலிருந்து கருப்பட்டிப் பதத்துக்கு 30, 40 நிமிஷம். கிண்டி ஊத்த 20. பாத்திரம் கழுவ அரை மணி. எட்டு மணிக்கு அடுப்பு எரிஞ்சா ஒரு மணிக்குள் கை கழுவிடலாம். சிரட்டையில் இறுக ரெண்டு மணி நேரம், அதுக்கு ஆள் வேண்டாம்.

விறகு 25 கிலோ எடுத்து வைங்க, காஞ்சதா. சீமைக்கருவேலத்துக்குத்தான் நம்ம மாவட்டத்தில் பஞ்சமில்லையே. கொதி வந்த பிறகு அதைப் போடுங்க. மட்டையும் காஞ்ச பாளையும் பத்த வைக்கத்தான் ஆகும், சடசடன்னு எரிஞ்சு தீந்துரும்.

கீழக்கரை ராத்தா:
கூப்பனி காக்கா (அண்ணன்) நேரத்தைச் சொல்லிட்டாக. இறுகாததுக்கு நான் சந்தேகப்படுறது அந்த ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் போன மூணு மணி நேரம். இந்த வெயிலில் பதனி சும்மா இருக்காது. கொஞ்சம் புளிச்சாலும் சர்க்கரை உடைஞ்சிரும், உடைஞ்ச சர்க்கரை எவ்வளவு காய்ச்சினாலும் பாகாத்தான் நிக்கும்.

மஞ்சள்தூளைத் தண்ணியில் கரைச்சு வெள்ளைத் தாளில் தடவிக் காய வைங்க. அடுப்பில் ஏத்துறதுக்கு முன்னால் ஒரு சொட்டு பதனி விட்டுப் பாருங்க. தாள் மஞ்சளாவே நின்னா சுண்ணாம்பு பத்தலை, புளிக்க ஆரம்பிச்சிருக்கும். லேசா ஆரஞ்சு வந்தா சரி. ரத்தச் சிவப்பா மாறினா சுண்ணாம்பு கூடிப்போச்சு, அந்தக் கரகரப்பு அதனால்தான். கடைகளில் விக்கிற pH தாளில் எட்டை ஒட்டி இருக்கணும்.

சுண்ணாம்பு கூடுதுன்னு பயந்து கலயத்தில் தடவாம விட்டுராதீங்க. தடவாம இறக்கினா அது பதனி இல்லை, கள்ளு. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் அதுக்குத் தடை.

ஓலைக்கொட்டான்:
ராத்தா, தாளில் பார்த்தேன். நல்ல சிவப்பு. அப்ப புளிக்கலைன்னுதானே அர்த்தம்? கடைசியில் பாகைத் தண்ணியில் விட்டப்ப உருட்ட வந்துச்சு, ஆனா அழுத்தினா நசுங்குச்சு.

கூப்பனி:
அந்த நசுங்கல்தான் விஷயம். பதமே வரலை. தெர்மாமீட்டர் வச்சிருக்கீங்களா? கூப்பனி 105 டிகிரி பக்கம். 112-ல் உருண்டை நசுங்கும். 118 முதல் 120 வந்தாத்தான் தண்ணியில் விட்ட உருண்டை தட்டில் போட்டா டக்குனு சத்தம் கேக்கும். நாம கடல் மட்டத்தில் இருக்கோம், கொதிக்கிற வெறும் தண்ணியில் தெர்மாமீட்டர் 100 காட்டணும். குறைச்சுக் காட்டினா வித்தியாசத்தைக் கூட்டிக்கோங்க, கூட்டிக் காட்டினா கழிச்சுக்கோங்க. உங்க அடுப்பு கடைசி எட்டு டிகிரியை ஏத்த முடியாம நின்னிருக்கு. அதுக்குள்ள மணிக்கணக்கா வெந்து கறுத்துப் போச்சு.

சுண்ணாம்புக்கு வழி: வந்ததும் கால் மணி நேரம் அசைக்காம வைங்க. அடியில் வெள்ளையாப் படியும். மேல் தெளிவை மட்டும் ரெட்டை மடிப்புத் துணியில் வடிங்க. கடைசி அரை லிட்டரை ஆசைப்பட்டுச் சாய்ச்சா மொத்தமும் கெடும்.

வடகடல்:
இடத்தைப் பத்தி யாரும் பேசலையே. சமையலறை வேண்டவே வேண்டாம். 26 லிட்டர் ஆவி கூரையில் முட்டிச் சொட்டும், பொங்கினா தப்பி ஓட இடமில்லை. மாடியில் விறகுத் தீ போட்டா தளம் வெடிக்கும், 30 லிட்டரைப் படியேத்தணும், எல்லாத்துக்கும் மேல காத்து.

முடிஞ்சா தோப்பிலேயே விடிலி (காய்ச்சுறதுக்கான ஓலைக் குடிசை) போட்டுக் காய்ச்சுங்க. ரெண்டு மணி நேரப் பயணம் மிச்சம், விறகும் அங்கேயே. முடியலைன்னா கொல்லை. நம்ம ஊர் மணலில் குழியடுப்பு தோண்டினா ஓரம் சரிஞ்சு தாச்சி சாயும். கல் வச்சு, கண்மாய்க் களிமண் பூசி ஒரு வாரம் காய விடுங்க. சோழகம் (தெற்கு, தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசங்களில் அடுப்பு வாய் கிழக்கே, புகைவாய் வடக்கே. காத்து நேரா வாயில் நுழைஞ்சா தீ மறுபக்கம் வெளியே ஓடி விறகைத் தின்னும். தெற்கிலும் மேற்கிலும் மூணடி உயரத்துக்குத் தகரம். ஓலைத்தட்டி பத்தடி தள்ளித்தான் இருக்கணும். கிண்டுற ஆள் தெற்கே நிக்கட்டும், புகை மூஞ்சியில் அடிக்காது.

மதியத்துக்கு மேல மணல் பறக்கும். தாச்சியில் விழுந்த மணலை எடுக்க வழியே கிடையாது, பல்லில்தான் தெரியும். காலையிலேயே முடிக்கச் சொல்றதுக்கு இது பாதிக் காரணம்.

கீழக்கரை ராத்தா:
பொங்கி வரும்போது நாலஞ்சு ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுங்க, இல்லைன்னா ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய். நுரை அடங்கும். முதல் கொதியில் வர்ற அழுக்கு நுரையைத் தவறாம எடுத்துருங்க. பதம் வந்ததும் தீயை இழுத்துட்டு, துடுப்பால் தாச்சி ஓரத்தில் தேய்ச்சுத் தேய்ச்சுக் கிண்டுங்க. பளபளப்பு போய் மங்கும், துடுப்புக்கு லேசா கனக்கும். அப்ப ஊத்தணும். சிரட்டையை நனைச்சு மணலில் பதிச்சு வச்சிருந்தா ஒட்டாது, சாயாது.

ஓலைக்கொட்டான்:
நன்றி ராத்தா, நன்றி அண்ணே. கொல்லையில் அடுப்பு போடுறேன். இறுகாமக் கிடக்கிற மூணு கிலோவை என்ன செய்ய? சீனி சேர்த்தா இறுகும்னு ஒருத்தர் சொன்னார்.

கூப்பனி:
இறுகும். ஆனா அது கருப்பட்டி இல்லை. சந்தையில் பாதி அப்படித்தான் ஓடுது, நீங்களும் அதில் சேர வேண்டாம். ஒரு கரண்டி மட்டும் எடுத்து 119-க்கு ஏத்திக் கிண்டிப் பாருங்க. இறுகினா மிச்சத்தையும் கால் கிலோ காலா ஏத்துங்க, மொத்தமா வச்சா அடி பிடிக்கும். இறுகலைன்னா பாகாவே பாட்டிலில் ஊத்தி வைங்க, பணியாரத்துக்கும் எள்ளுருண்டைக்கும் ஆகும். நாளைய பதனியில் மட்டும் அதைக் கலக்காதீங்க, அதையும் கெடுத்துரும்.

அடுப்பு காயிற அந்த ஒரு வாரத்துக்கு, பெரிய பர்னரைக் கீழே சுவர் மறைவில் வச்சு, பத்து லிட்டரை மட்டும் 105 வரைக்கும் கொண்டு வந்து காஞ்ச எவர்சில்வர் தூக்கில் மூடி வைங்க. மறுநாள் கூப்பனியோட சேர்த்துப் பதம் எடுக்கலாம். மிச்சப் பதனியை அன்னன்னைக்கே குடிக்கக் கொடுத்துருங்க.